எந்தக் கேமரா எப்படிக் கெடும்: ஐந்து பழைய ஃபிலிம் கேமராக்களும் ஒரு சாப்பாட்டு மேஜையும்

அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸாப்பில் ஐந்து படங்களை அனுப்பி, "மாமா, இதுல எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தான். ஐந்தும் கைக்கடக்கமான பழைய ஃபிலிம் கேமராக்கள். ஒலிம்பஸ் ட்ரிப் 35, கேனோனெட் க்யூஎல்17 ஜி-3, யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என், ஒலிம்பஸ் எக்ஸ்ஏ, ரோலை 35. விற்பவர்கள் ஐந்து பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: "நல்ல கண்டிஷன், ஃபிலிம் போட்டுப் பார்க்கவில்லை." வாயில் வைத்துப் பார்க்கவில்லை, ஆனால் சாம்பார் நன்றாக இருக்கும் என்று சொல்வது மாதிரி.

அவனுடைய கேள்விகள் எல்லாம் லென்ஸைப் பற்றியே இருந்தன. எது ஷார்ப்பு, எது பின்னணியை நன்றாக மங்கலாக்கும், எதற்குப் பெயர் அதிகம். ஐந்துமே அவன் தேவைக்கு மேல் ஷார்ப்பானவை, அதில் சண்டை வேண்டாம் என்றேன். இந்த ஐந்தில் வயதில் இளையதே 1979-இல் வந்தது. இந்த வயதில் ஒரு கேமராவை எடுக்கும்போது நான் கேட்கிற கேள்வி வேறு: இது எப்படிக் கெடும்? கெட்டால் சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து நாமே சரிசெய்துவிட முடியுமா? ஊருக்கு ஊர் கேமரா ரிப்பேர் கடை இருந்த காலம் போய்விட்டது. இருக்கிற ஒன்றிரண்டு பேரிடமும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஐந்தையும் நோய் வாரியாகப் பிரித்து அவனுக்கு எழுதினேன். அதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த ஐந்திலும் உள்ளேயே பொருத்திய ஃபிளாஷ் கிடையாது. இது சின்ன விஷயம் இல்லை. நம் வீட்டு ஆல்பங்களில் பாதியை நிரப்பிய யாஷிகா எம்எஃப்-2 போன்ற ஃபிளாஷ் கேமராக்களுக்குள் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் அதில் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். திருப்புளியோடு உள்ளே போனால் கையைத் தூக்கி அடிக்கும். பழகுகிறவர்கள் அந்த வகையைத் திறக்கவே வேண்டாம். இந்த ஐந்தைத் திறந்தால் போவது கேமரா மட்டும்தான், விரல் தப்பிக்கும்.

எல்லாருக்கும் வருகிற மூன்று நோய்கள்

பின்கதவு போய் மூடுகிற பள்ளத்தில் வெளிச்சம் நுழையாமல் இருக்கக் கறுப்பு ஃபோம் ஒட்டியிருப்பார்கள். அது பத்துப் பதினைந்து வருடத்தில் நசநசவென்று தார் போல ஆகிவிடும். ரோலையைத் தவிர மற்ற நான்கிலும் இது உறுதி. யாராவது ஏற்கெனவே மாற்றியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சரிசெய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். ஃபிலிம் ஓடுகிற இடத்தை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, பல்குச்சியால் பழைய ஃபோமைச் சுரண்டி எடுக்க வேண்டும். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைக்கலாம். குறுகலான பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூல் போதும், பசைகூட வேண்டாம், அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். கீல் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் தடிமனான ஃபோமோ வெல்வெட் துணியோ வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு சாயங்கால வேலை. இதைக் காரணமாக வைத்து எந்தக் கேமராவையும் ஒதுக்காதீர்கள், ஆனால் விலை பேசும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஷட்டரில் எண்ணெய். இந்த ஐந்திலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, மெல்லிய உலோக இலைகள் விரிந்து மூடும். அந்த இலைகள் எண்ணெயே படாமல் காய்ந்து ஓட வேண்டியவை. சுற்றியுள்ள பாகங்களில் இட்ட கிரீஸ் வருடக்கணக்கில் கசிந்து இலைகளுக்கு வந்து சேரும். அப்புறம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு கேமராவைக் கொன்றுதான். ஷட்டர் மாட்டிக்கொண்டதே என்று தையல் மிஷின் எண்ணெயை ஒரே ஒரு சொட்டு விட்டேன். அன்றைக்கு வெண்ணெய் மாதிரி ஓடியது. நாலாம் நாள் வெல்லப்பாகில் விழுந்த எறும்பு மாதிரி நின்றுபோனது. எண்ணெய் இலைகளுக்கு நடுவில் பரவியதோடு லென்ஸின் உள்பக்கத்திலும் படலமாகப் படிந்திருந்தது. பூட்டுக்கும் கதவுக்கும் அடிக்கிற ஸ்ப்ரே எண்ணெய்களும் இதே கதைதான்.

சரியான மருந்து லைட்டர் ஃபுளூயிட், அதாவது சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற திரவம். பட்ஸில் தொட்டு இலைகளை நனைத்து, ஷட்டரைப் பத்துத் தடவை அடித்து, கறுப்பாகக் கசிவதைத் துடைத்து, காற்றில் உலரவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து. மூன்று நான்கு சுற்று ஓடும். முதல் சுற்று முடிந்ததும் சரியாகிவிட்டது போலத் தோன்றும், நம்பாதீர்கள். ஈரம் காய்ந்ததும் மறுபடி ஒட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாமி விளக்கு எரிகிற அறையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது பூஞ்சை. நான் இருப்பது திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்துபோகிற தூரம், அதனால் எனக்கு இது தினசரிப் பகை. லென்ஸுக்குப் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சிலந்தி வலை போல இழை இழையாகத் தெரியும். மேல் கண்ணாடியில் இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஆனால் நாளாகிவிட்டால் பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். இழை போனாலும் அதன் தடம் நிற்கும். லேசான தடம் படத்தில் தெரியாது, வெயிலுக்கு எதிராக எடுத்தால் மட்டும் மங்கலாக வரும். கூடவே வருகிற அழகான தோல் உறையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்ப்பது பெரும்பாலும் அதுதான். உறையை அலமாரியில் வைத்துவிட்டு, கேமராவை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35

ஐந்தில் நான் அதிகம் திறந்து மூடியது இதைத்தான், அதனால் பாரபட்சம் இருக்கும். 1967-இல் வந்து 1984 வரை தயாரானது. நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் அதே 1967-இல்தான். அங்கிருந்து வந்த 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமை வைத்து நம் ஸ்டுடியோக்காரர்கள் எத்தனையோ முகங்களை எடுத்திருக்கிறார்கள்.

ட்ரிப்புக்குப் பேட்டரி வேண்டாம். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போலத் தெரிகிறதே, அதன் கீழே செலினியம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தரும், அந்த மின்சாரத்தில் ஒரு முள் ஆடும், முள் எங்கே நிற்கிறதோ அதை வைத்து அபெர்ச்சரும் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துளையின் அளவு) ஷட்டர் வேகமும் முடிவாகும். ஷட்டருக்கு இரண்டே வேகம்: 1/200, 1/40 நொடி. வெளிச்சம் போதாவிட்டால், கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டருக்குள் சிவப்புத் துண்டு ஒன்று எழுந்து நிற்கும், பட்டன் அமுங்காது. லென்ஸ் 40 மில்லிமீட்டர், எஃப் 2.8 (இந்த எஃப் எண் குறையக் குறைய உள்ளே போகிற வெளிச்சம் கூடும்). தூரத்தை நான்கு சின்னப் படங்களைப் பார்த்து நாமே வைக்க வேண்டும்: ஒரு தலை, இரண்டு பேர், மூன்று பேர், மலை.

சோதிப்பதும் எளிது. தானியங்கியான ஏ நிலையில் வைத்து, லென்ஸை உள்ளங்கையால் மூடிப் பட்டனை அழுத்துங்கள். சிவப்புத் துண்டு வர வேண்டும், ஷட்டர் அடிக்கக் கூடாது. கையை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினால் அடிக்க வேண்டும். இதோடு நின்றுவிடாதீர்கள், பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். லென்ஸுக்குள் பார்த்தபடியே பட்டனைப் பாதி அழுத்துங்கள். வெயிலில் துளை சின்னதாகவும் நிழலில் பெரிதாகவும் மாற வேண்டும். எங்கே திருப்பினாலும் ஒரே அளவில் நின்றால் அபெர்ச்சர் இலைகளில் எண்ணெய் என்று அர்த்தம். ட்ரிப்பின் தலையாய நோய் இது. வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், ரோல் முழுக்கப் படம் வெளிறியோ இருண்டோ வரும்.

மருத்துவம் மேஜையிலேயே நடக்கும். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி மூன்று பொடி ஸ்க்ரூ இருக்கும். அவற்றைத் தளர்த்தி வளையத்தை எடுத்தால் முன் லென்ஸுக்கு வழி கிடைக்கும், அதற்குப் பின்னால் இலைகள். இரண்டு எச்சரிக்கை. ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூ தலை நம் வீட்டு நட்சத்திரத் திருப்புளிக்கு அச்சாகப் பொருந்தாது. வம்படியாகத் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் அந்த ஸ்க்ரூ உங்கள் ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். ஜப்பானிய அளவு நுனியுள்ள திருப்புளி செட்டைத் தேடி வாங்குங்கள். இன்னொன்று, எதைத் திருகிக் கழற்றும் முன்பும் ஊசியால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், எந்த நிலையிலிருந்து கழன்று வந்தது என்று தெரிய. ட்ரிப்பில் ஷட்டரைத் திறந்தே வைக்கிற பி நிலை கிடையாது. அதனால் ஃபோகஸ் தவறிவிட்டால் கண்ணால் பார்த்துத் திரும்ப வைப்பது பெரிய பாடு. அந்தக் கோடுதான் உங்கள் காப்பீடு.

மேஜையில் தீராத நோய் ஒன்றே ஒன்று: செலினியம் செத்துப்போவது. இன்னொரு ட்ரிப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் செத்த ட்ரிப்பும் முழுப் பிணம் அல்ல. ஏ நிலையை விட்டு அபெர்ச்சர் எண்களுக்கு வந்தால் ஷட்டர் 1/40-இல் அடிக்கும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு, எண் கூடினால் திறனும் கூடும்), எஃப் 22, நம் ஊர் நடுப்பகல் வெயில். கணக்கு சரியாக வரும்.

ஒரு சின்னச் சந்தோஷம்: பின்கதவில் ஃபிலிமை அழுத்துகிற தட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் முதுகில் மூன்று எழுத்து முத்திரை இருக்கும். நடுவில் இருப்பது வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். கேமராவின் பிறந்த மாதம் கிடைத்துவிடும். ஜாதகம் எழுத அது போதாதா.

கேனோனெட் க்யூஎல்17 ஜி-3

பெயரில் உள்ள 17 என்பது எஃப் 1.7. 40 மில்லிமீட்டர் லென்ஸ், 1972-இல் வந்தது. ட்ரிப்பின் எஃப் 2.8-ஐவிட இரண்டே முக்கால் மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு. வியூஃபைண்டரின் நடுவில் தெரிகிற இரட்டை உருவம் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ். ஷட்டர் 1/4 முதல் 1/500 வரை, பி நிலையும் உண்டு. இதில் எனக்குப் பிடித்தது ஷட்டர் முழுக்க இயந்திரம் என்பதுதான். பேட்டரி வெறும் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கும் தானியங்கி அபெர்ச்சருக்கும் மட்டும். பேட்டரி இல்லாவிட்டாலும் நாமே அபெர்ச்சரை வைத்து எல்லா வேகத்திலும் எடுக்கலாம். அப்போது மீட்டர் உதவாது, கண்ணும் அனுபவமும்தான்.

வழக்கமான நோய், ஒட்டிக்கொண்ட ஷட்டர். முன்வளையத்தை ரப்பர் கார்க் வைத்து அழுத்தித் திருப்பினால் கழன்று வரும். பாத்ரூம் சாமான் விற்கிற கடையில் கிடைக்கிற ரப்பர் அடைப்பான் இதற்கு அருமையான கருவி. முன் லென்ஸ் தொகுதியைத் திருகி எடுத்ததும் இலைகள் தெரியும், மீதி வேலை லைட்டர் ஃபுளூயிட்டுக்கு.

வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் செல்போனே போதும். நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுத்து, சாதாரண 30 ஃபிரேம் வேகத்தில் ஓடவிட்டால் எட்டு மடங்கு மெதுவாகும். 1/4 நொடி இரண்டு நொடியாகத் தெரிய வேண்டும். 1/15 என்றால் அரை நொடி. அதற்கு மேலுள்ள வேகங்களுக்கு இந்த முறை சரிப்படாது, ஆனால் எண்ணெய் ஏறிய ஷட்டர் முதலில் தடுமாறுவது மெதுவான வேகங்களில்தான்.

பேட்டரி ஒரு தலைவலி. கேனோனெட் எதிர்பார்ப்பது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் விஷம் என்பதால் அவற்றை நிறுத்திவிட்டார்கள், நல்லதுதான். அதே அளவில் 1.5 வோல்ட் ஆல்கலைன் பட்டன் கிடைக்கும், போட்டால் முள் ஆடும், வேலை செய்வது போலவே இருக்கும். ஆனால் வோல்ட் அதிகம் என்பதால் மீட்டர் இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும், படங்கள் இருட்டாக வரும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 எண் பேட்டரி 1.4 வோல்ட் தரும், வித்தியாசம் பொருட்டல்ல. விட்டம் கொஞ்சம் சின்னது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் காற்று புகுந்து பேட்டரி உயிர் பெறும், அன்றிலிருந்து சில மாதங்கள்தான். மலிவு, அதனால் கவலையில்லை.

வியூஃபைண்டர் மங்கியிருந்தால் மேல்மூடியைக் கழற்றித் துடைக்கலாம். அங்கே சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கும், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்புகிற பூச்சுள்ளது. அதை ஆல்கஹால் தொட்டு அழுத்தித் தேய்த்தால் பூச்சு பஞ்சோடு வந்துவிடும், ரேஞ்ச்ஃபைண்டர் அதோடு முடிந்தது. ஊதித் தூசி தட்டுவதோடு விட்டுவிடுங்கள்.

யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என்

எலெக்ட்ரோ வரிசை 1966-இல் தொடங்கியது. ஜிஎஸ்என் 1973-இல் வந்தது. 45 மில்லிமீட்டர், எஃப் 1.7. படத்தின் அழகுக்காக மட்டும் ஒன்றை எடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். அபெர்ச்சரை நாம் வைக்கலாம், ஷட்டர் வேகத்தை அது முப்பது நொடி முதல் 1/500 வரை தானே முடிவு செய்துகொள்ளும். மெதுவான வேகமென்றால் மஞ்சள் விளக்கு, வெளிச்சம் அளவு மீறினால் சிவப்பு விளக்கு.

பேட்டரி இங்கேயும் பாதரசம், 5.6 வோல்ட், இப்போது கிடைக்காது. ஆனால் கேனோனெட்டைப் போலத் தொல்லையில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியைக் காகிதக் குழலில் சுற்றி, மிச்ச நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தால் மீட்டர் கிட்டத்தட்டச் சரியாகவே ஓடும். பேட்டரி இல்லாவிட்டால் எல்லாப் படமும் 1/500-இல்தான். அதாவது பகல் வெயிலுக்கு மட்டும்.

பிரச்சினை உள்ளே ஒளிந்திருக்கிறது. ஃபிலிமைச் சுற்றுகிற நெம்புகோலோடு மேலும் கீழும் போகிற ஒரு தண்டு, அதன் கீழே ஒரு சின்ன ரப்பர் திண்டு. அந்தத் திண்டு வருடங்களில் கரைந்து உதிர்ந்துவிடும். மேல்நாட்டு ரசிகர்கள் அதற்கு 'மரணத் திண்டு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது போனால் எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழுகிற வெளிச்சத்தின் அளவு, தாறுமாறாகும். கண்டுபிடிக்கக் காது போதும்: ஷட்டர் அடித்துவிட்டு நெம்புகோலை இழுக்கும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திண்டு இல்லை. மாற்றுவதற்கு மேல்மூடியும் முன்பக்கத் தோலும் கழல வேண்டியிருக்கும், அதற்கு இடையில் மெல்லிய ஒயர்கள். முதல் முறை திறக்கிறவனுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய பேட்டரி உள்ளேயே கசிந்திருந்தால் அந்த ஒயர்களும் பச்சை பூத்திருக்கும். தொடர்பு முனைகளை வினிகரால் துடைக்கலாம், ஒயர் போயிருந்தால் சால்டரிங் வேண்டும்.

'டொக்' கேட்டால் வாங்கலாம். கேட்காவிட்டால் விலை பாதியானாலும் வேண்டாம்.

ஒலிம்பஸ் எக்ஸ்ஏ

அழகு. யோஷிஹிசா மைட்டானி வடிவமைத்தது, 1979. மூடியைத் தள்ளினால் திறக்கிற சோப்பு டப்பா போல, எடை 225 கிராம், சட்டைப் பையில் போட்டால் சட்டை தொங்காது. 35 மில்லிமீட்டர் எஃப் 2.8, அந்த அளவுக்குள் ஒரு உண்மையான ரேஞ்ச்ஃபைண்டர். எல்ஆர்44 இரண்டு போதும், சென்னை ரிச்சி தெருவில் அட்டை அட்டையாகக் கிடைக்கும்.

ஆனால் எல்லாமே மின்னணு. பேட்டரி இல்லாவிட்டால் எந்த வேகத்திலும் அடிக்காது. பட்டன்கூட விசையில்லை, தொட்டால் போதும் என்கிற சிவப்புச் சதுரம். அதன் கீழே மடங்கும் சர்க்யூட் தாள். அது போனால் மேஜையில் செய்ய எதுவுமில்லை. இன்னொரு எக்ஸ்ஏவைக் கொன்றுதான் இதைப் பிழைக்க வைக்க வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் உருவமும் மங்கியிருக்கும். வியூஃபைண்டர் கண்ணாடியின் நடுவில் பொட்டளவு கறுப்பு டேப் ஒட்டினால் கொஞ்சம் தெளியும். வாங்கி, அது இருக்கும்வரை அனுபவித்துவிட்டு, போனால் வருத்தப்படாமல் இருக்கிற மனசு உள்ளவர்களுக்கு இது ஏற்றது. எனக்கு அந்த மனசு இல்லை.

ரோலை 35

ஹைன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மன் பொறியாளர் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தபோதே வரைந்து வைத்த வடிவம். ரோலைக்கு வந்த பிறகு 1966-இல் வெளியானது. 40 மில்லிமீட்டர் எஃப் 3.5 டெஸ்ஸார் லென்ஸ் உள்ளே மடங்கிப் போய்விடும். எழுபதுகளின் தொடக்கத்தில் தயாரிப்பைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள், அதனால் சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் 'சிங்கப்பூர்' என்று பொறித்திருக்கும். ஜெர்மனி என்று பொறித்ததற்கு விலை கூட்டிச் சொல்வார்கள். படத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் காட்டிவிட முடியாது.

முழுக்க இயந்திரம், மீட்டருக்கு மட்டும் பேட்டரி. தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டும், ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை. நெம்புகோல் இடது கைக்கு, ஃபிளாஷ் மாட்டுகிற இடம் அடியில். ஆரோக்கியமான கேமராதான். அதைக் கொல்வது பெரும்பாலும் வாங்கியவரின் கை. ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகு, பட்டனை அழுத்திக்கொண்டு திருப்பினால்தான் லென்ஸ் உள்ளே போகும். அவசரத்தில் அப்படியே தள்ளினால் உள்ளே ஏதாவது வளையும். உள்ளே கடிகாரம் போல அடுக்கியிருக்கிறார்கள், திறந்தால் திரும்ப மூடுவது நம் கையில் இல்லை. விலையும் மற்றவற்றைவிட மேலே.

அப்படியானால்?

என் முதல் பதில் ட்ரிப். முதல் கேமரா, முதல் திருப்புளி, பேட்டரித் தொல்லை இல்லை, நோய்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. இப்படி எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மறுநாள் போன் வந்தது.

"மாமா, நான் எடுக்கப் போறது முக்கால்வாசி வீட்டுக்குள்ளதான். பாட்டி சமையல்கட்டுல இருக்கறது, ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடறது."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டாலும், அதற்கு மேல் ட்ரிப்பில் வைக்கவே முடியாது, எஃப் 2.8, 1/40 என்பதுதான் அதன் எல்லை. நம் சமையலறை டியூப்லைட்டில் பெரும்பாலும் சிவப்புத் துண்டுதான் எழுந்து நிற்கும். எக்ஸ்ஏ வேகத்தைக் குறைத்து எடுத்துவிடும், ஆனால் பாட்டி அசையாமல் நிற்க மாட்டார். ரோலை எஃப் 3.5, பேச்சே இல்லை. அதனால் கேள்வி இரண்டு எஃப் 1.7-க்கு நடுவில் வந்து நின்றது.

யாஷிகா விற்பவரிடம் நெம்புகோல் இழுக்கிற சத்தத்தோடு ஒரு வீடியோ கேட்கச் சொன்னேன். "வேலை செய்யுது சார், நம்பி வாங்குங்க" என்று பதில் வந்தது, வீடியோ வரவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கேனோனெட் விற்பவர் நல்ல மனிதர், கேட்டதை எல்லாம் செய்தார். பின்கதவைத் திறந்து, வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்து, 1/4-இலும் 1/15-இலும் ஸ்லோ மோஷனில் எடுத்து அனுப்பினார். கதவின் பள்ளத்தில் பழைய ஃபோம் கரிக்கட்டை போல உதிர்ந்திருந்தது தெரிந்தது. இரண்டு நொடி வர வேண்டிய 1/4, மூன்று நொடி வந்தது. 1/15-உம் இழுத்தது, ஆனால் இலைகள் முழுசாகத் திறந்து முழுசாக மூடின. ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டை உருவம் பளிச்சென்று இருந்தது.

வயதுக்கு உரிய மலச்சிக்கல்தான், சாகிற நோய் இல்லை என்றேன். ஷட்டர் மெதுவாக ஓடுகிறது, கதவு ஃபோம் போயிருக்கிறது என்று இரண்டையும் அவரிடம் மரியாதையாகச் சொல்லி விலையைக் கொஞ்சம் குறைக்கக் கேள், குறைக்காவிட்டாலும் எடு. வருகிற வழியில் மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், காது மிஷின் கடையில் 675 பேட்டரி ஒரு அட்டையும் வாங்கிக்கொள். கறுப்பு நூல் உன் அம்மாவிடம் இருக்கும். லைட்டர் ஃபுளூயிட் என்னிடம் இருக்கிறது.